கழங்கும் மூலக்கூறும்

பெயரிலிருந்து தொடங்குகிறேன். தமிழ் படித்தவளுக்கு அதுதான் பழகிய வழி. மாதவிடாயின்போது அடிவயிற்றைப் பிசைந்தெடுக்கும் வலிக்குப் பின்னால் இருக்கும் வேதிப்பொருளுக்குப் புரோஸ்டாகிளாண்டின் என்று பெயர். புரோஸ்டேட் என்பது ஆணுடலின் சுரப்பி. பெண்ணின் கருப்பையில் உண்டாகி, பெரும்பாலும் அங்கேயே வேலை செய்து முடிந்துபோகிற ஒன்றுக்கு ஆணின் சுரப்பி எப்படிப் பெயர் கொடுத்தது?

1930இல் நியூயார்க்கில் குர்ஸ்ராக், லீப் என்ற இருவர் மனிதக் கருப்பைத் தசைத் துண்டுகளின்மேல் விந்துநீரைப் பட வைத்துப் பார்த்தார்கள். சில துண்டுகள் சுருங்கின, சில தளர்ந்தன. விந்துநீரில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் கோல்ட்பிளாட்டும் சுவீடனில் உல்ஃப் வான் ஆய்லரும் தனித்தனியாக அதையே கண்டார்கள். அது புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது என்று எண்ணி 1935 வாக்கில் வான் ஆய்லர் இந்தப் பெயரை வைத்தார். விந்துநீரில் இருப்பது பெரும்பாலும் விந்துப்பைகளிலிருந்து வருகிறது என்பது பிறகு தெரிந்தது. உடம்பின் ஏறத்தாழ எல்லாத் திசுக்களுமே இதை உண்டாக்கும் என்பது இன்னும் பிறகு தெரிந்தது. பெயரை யாரும் மாற்றவில்லை. சோதனைக்கு வைத்த தசை பெண்ணுடையது. அது சுருங்கியதால்தான் அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியவந்தது. ஆனால் அந்தக் கதையில் கருப்பைக்குக் கிடைத்த இடம் தராசுத் தட்டின் இடம்தான். நிறுத்த சரக்கைப் பற்றி எழுதுவார்கள், தட்டைப் பற்றி யார் எழுதப்போகிறார்கள்?

தட்டின் பக்கம் ஒருவர் திரும்பிப் பார்க்க இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. 1957இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிக்கிள்ஸ் என்ற உடலியல் ஆய்வாளர், மாதவிடாய்த் திரவத்திலேயே தசையைச் சுருக்கும் பொருள் ஒன்று இருப்பதாக எழுதினார். 1960களில் அது புரோஸ்டாகிளாண்டின்தான் என்பது உறுதியானது. வலி உள்ள பெண்களின் திரவத்தில் அது கூடுதலாக இருப்பதையும் அவருடைய குழு காட்டியது. நம் பாட்டிமார் யாரும் பார்க்காதபடி கசக்கிப் பிழிந்து மூலையில் உலர்த்திய துணியில் இருந்த அந்தத் திரவத்தை ஒருவர் சோதனைக் குழாயில் எடுத்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டது எனக்குப் பெரிய செயலாகவே தோன்றுகிறது. தீட்டு என்ற சொல்லுக்கு எதிராக நாம் எழுதிய எத்தனையோ கவிதைகளைவிட (என்னுடையவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) அந்தக் கேள்வி நேரானது.

இனி அந்த உள்படலத்துக்குள் கொஞ்சம் போவோம். விலங்கியல் மாணவிகள் பொறுத்துக்கொள்ளுங்கள், தமிழ் மாணவிகள் பயப்படாதீர்கள்.

முட்டை வெளியேறிய பிறகு சூலகத்தில் எஞ்சும் நுண்பை மஞ்சள் நிறத் திசுவாக மாறுகிறது. அதிலிருந்து புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. கருப்பையின் உள்படலத்தைத் தடித்து வளர்ந்த நிலையில் அமைதியாக வைத்திருப்பது இதுதான். அந்த அமைதிக்கு இரண்டு ஏற்பாடுகள். புரோஸ்டாகிளாண்டினை உண்டாக்கும் நொதிகளை அடக்கி வைப்பது ஒன்று. உண்டானதை உடைத்துப்போடும் நொதியைக் கூட்டி வைப்பது மற்றொன்று. கரு தங்கவில்லையென்றால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் மஞ்சள் திசு சுருங்கிவிடும், புரோஜெஸ்டிரோன் இறங்கிவிடும். அடக்கி வைத்த கை எடுபடுகிறது. செல்களின் மெல்லிய கொழுப்புச் சவ்விலிருந்து அராகிடோனிக் அமிலம் விடுபடுகிறது. காக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதிகள் அதைப் பிடித்துப் புரோஸ்டாகிளாண்டின்களாக மாற்றுகின்றன. அவற்றில் எஃப்2 ஆல்ஃபா என்பது ரத்தக் குழாய்களை இறுக்கி, தசையைச் சுருங்கவைக்கிறது. படலம் ரத்தமும் ஆக்சிஜனும் கிடைக்காமல் உதிர்கிறது.

இது அளவோடு நடந்தால் உதிரப்போக்கு கட்டுக்குள் இருக்கும். அளவு மீறினால், கருப்பைக்குள் ஏற்படும் அழுத்தம் தமனியின் ரத்த அழுத்தத்தையும் தாண்டிவிடும். அந்த நேரத்தில் கருப்பைத் தசைக்கே ரத்தம் போகாது. ரத்தம் கிடைக்காத தசை வலிக்கும். இதயத் தசைக்கு அப்படி நேர்ந்தால் ஆம்புலன்ஸ் வரும். கருப்பைத் தசைக்கு நேர்ந்தால் வெந்தயமும் மோரும் வரும். குடலின் தசைகளும் இதே பொருளுக்கு அசைந்து கொடுப்பவை. அதனால்தான் அந்த நாட்களில் பலருக்குக் குமட்டலும் பேதியும். வயதுக்கு வந்த புதிதில் வலியில்லாமல் இருந்துவிட்டு ஓரிரு ஆண்டு கழித்துத் தொடங்குவதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. முட்டை வெளியேறத் தொடங்கிய பிறகுதான் இந்த ஏற்ற இறக்கம் முழுதாக நடக்கும்.

இதை முழு ஹார்மோன் என்று சொல்லமாட்டார்கள், ஹார்மோன் போன்றது என்பார்கள். ஹார்மோன் ரத்தத்தில் ஏறித் தொலைதூரம் போகும். இது பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளும். தப்பித்தவறி ரத்தத்தில் கலந்தாலும் நுரையீரலை ஒருமுறை கடப்பதற்குள் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்துவிடும். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

செம்மறியாட்டில் இது இன்னும் விசித்திரம். அங்கே கருப்பையின் உள்படலம்தான், கரு தங்கவில்லை, அடுத்த சுற்றைத் தொடங்கு என்று சூலகத்துக்குச் சொல்லியனுப்புகிறது. நுரையீரல் வழியாகப் போனால் சேதி அழிந்துவிடுமே! அதனால் கருப்பையிலிருந்து வரும் சிரையும் சூலகத்துக்குப் போகும் தமனியும் ஒன்றையொன்று ஒட்டிப் பின்னிக் கிடக்கின்றன. புரோஸ்டாகிளாண்டின் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கசிந்து, கொல்லைப்புற வழியாகப் போய்ச் சேர்கிறது. கரு தங்கியிருந்தால் அந்தக் கரு இன்டர்ஃபெரான் டாவ் என்ற புரதத்தை அனுப்பி, அழிவுச் சேதி போகாமல் பார்த்துக்கொள்ளும். கினிப்பன்றியின் கருப்பையை எடுத்துவிட்டால் மஞ்சள் திசு நெடுநாள் அழியாமல் இருப்பதை லோப் என்பவர் 1923லேயே பார்த்திருந்தார். பெண்ணுக்கு இந்த ஏற்பாடு இல்லை. கருப்பையை எடுத்த பிறகும் நம் சூலகம் தன் கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். மாதவிடாய் வருவதே பாலூட்டிகளில் மிகச் சிலவற்றுக்குத்தான். மனிதர்களும் குரங்கினங்கள் பலவும், சில வௌவால்கள், யானைமூஞ்சூறு, ஒருவகை முள்மயிர்ச் சுண்டெலி. அந்தப் பட்டியலைப் படித்த நாளில் வௌவாலின்மேல் எனக்கு ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது.

ஊரில் எங்கள் அம்மா மாடு வைத்திருந்தபோது, சினைக்கு வராத மாட்டுக்கு மாட்டு டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போவார். பல நேரம் அது இந்தப் புரோஸ்டாகிளாண்டினின் செயற்கை வடிவம்தான். சினைக்கு வராத ஒவ்வொரு நாளும் பாலில் நஷ்டம் என்பதால் மாட்டின் கருப்பையைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் அக்கறை இருந்தது. அப்பாவே போய் டாக்டரை வண்டியில் கூட்டிக்கொண்டு வருவார். அதே வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த நான் திண்ணைக்கு உட்புறம் சுருண்டு கிடந்தபோது எனக்குச் சொல்லப்பட்டது, "ஒரு கல்யாணம் ஆயிட்டா எல்லாம் சரியாப் போயிடும் பாப்பா" என்பதுதான். கல்யாணத்தை மாத்திரையாக எழுதிக் கொடுப்பது நம் வீடுகளின் தனி வைத்திய முறை.

என் அம்மா கொடுமைக்காரர் இல்லை. அவர் என்னை நம்பாமலும் இல்லை. எனக்கு வலிக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், அவருக்கும் வலித்திருக்கிறது. மிராண்டா ஃபிரிக்கர் என்ற தத்துவ அறிஞர் 2007இல் எழுதிய நூலில், சொல்பவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பது ஓர் அநீதி என்று விளக்குகிறார். பெண்ணியம் படிக்கும் மாணவிகளுக்கு இப்போது இது பழகிய கருத்து. மருத்துவத்தில் நடந்ததற்கு அது அப்படியே பொருந்துகிறது. பிக்கிள்ஸ் அந்தத் திரவத்தை ஆராய்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், மாதவிடாய் வலி மனத்திலிருந்து வருவது, பெண்மையை ஏற்க மறுக்கும் பெண்ணுக்கு வருவது, தாயைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்றெல்லாம் மருத்துவப் பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 1973இல் ஜீன் லெனேன், ஜான் லெனேன் என்ற இருவர் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இதைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார்கள். மாதவிடாய் வலி, மசக்கை, பிரசவ வலி ஆகியவற்றுக்கெல்லாம் உடலில் காரணம் இருப்பதற்கான சான்றுகள் கண்ணெதிரே இருந்தும் மனத்தின்மேல் பழி போடுவதற்குப் பாலினத் தப்பெண்ணம்தான் காரணம் என்பது அவர்கள் வாதம். ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன என்று ஜான் வேன் 1971லேயே காட்டியிருந்தார். அதற்காக 1982இல் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் ஆகியோரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மெஃபனாமிக் அமிலம் 1960களிலிருந்தே கைவசம் இருந்த மருந்து. அதை மாதவிடாய் வலிக்குக் கொடுத்துப் பார்த்து, பலன் இருக்கிறது என்று பென்னி புடாஃப் என்ற பெண் மருத்துவர் 1979இல் எழுதினார். மருந்தும் இருந்தது, வலியும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே, இவளுக்கு உண்மையாகவே வலிக்கிறது என்ற எண்ணம் மட்டும் வந்துசேரத் தாமதமாகிவிட்டது.

ஆனால் என் அம்மாவுக்கு ஃபிரிக்கரின் விளக்கம் போதாது. "யார் இல்லேன்னு சொன்னா? எல்லாருக்கும் வர்றதுதானே" என்பார். இதில் அவநம்பிக்கை இல்லை. வலி உண்மை, அதனாலேயே அது ஒரு பொருட்டில்லை. உண்மை என்று ஒப்புக்கொண்டே ஒன்றைக் கணக்கிலிருந்து தள்ளிவிட முடியும் என்பதுதான் என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. ஏனென்றால் மூலக்கூறு கண்டுபிடிக்கப்பட்டதும் முதலாவது மறுப்புத்தான் பலவீனமானது. இரண்டாவதற்கு அது வலுவே சேர்த்தது. "இது புரோஸ்டாகிளாண்டின்மா, நேச்சுரல்தான், பயப்பட ஒண்ணுமில்ல" என்று ஒரு டாக்டர் என் மாணவி ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறார். பாட்டி சொன்னதற்கும் இதற்கும் ஒரு கிரேக்க எழுத்துத்தான் வித்தியாசம்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. நம்புவார்கள், பொருட்டாகவும் எடுத்துக்கொள்வார்கள், அதையே காரணமாக்கிக் கதவையும் சாத்துவார்கள். 2023 டிசம்பரில், மாதவிடாய் ஓர் ஊனமில்லை, அதற்குத் தனி விடுப்புத் தேவையில்லை என்ற கருத்தை மாநிலங்களவையில் அன்றைய பெண்கள் மேம்பாட்டுத் துறை அமைச்சரே சொன்னார். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விடுப்பைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவார்கள் என்று கவலை தெரிவித்துவிட்டு, கொள்கை முடிவை அரசிடம் விட்டது. அந்தக் கவலை பொய்யானது என்று நான் சொல்லமாட்டேன். "அவளுக்கு ஹார்மோன் பிராப்ளம்" என்று ஒரு பெண்ணின் கோபத்தைத் தள்ளுபடி செய்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். உடம்பைச் சொல்லி நம்மை அடைத்து வைத்த வரலாறு நீண்டது. அதனால் உடம்பைப் பற்றிப் பேசவே கூச்சப்படும் பெண்ணியம் ஒன்றும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிகார் அரசு 1992 முதல் தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் சிறப்பு விடுப்புக் கொடுத்துவருகிறது. அலுவலகங்கள் இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

இப்போது நான் வேலை செய்யும் இடத்துக்கு வருகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். இன்டெர்னல் தேர்வுக்கு வராத மாணவி மறுதேர்வு எழுத வேண்டுமானால் மருத்துவச் சான்றிதழ் வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. போன ஆண்டு இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி விண்ணப்பத்தோடு வந்தாள். சான்றிதழில் காய்ச்சல் என்று எழுதியிருந்தது. "காய்ச்சலா?" என்றேன். "இல்லம்மா, பீரியட்ஸ். வாந்தி எடுத்து ஹாஸ்டல்லயே மயங்கிட்டேன். வயித்துவலின்னு எழுதினா ஆபீஸ்ல எடுத்துக்க மாட்டாங்கன்னு டாக்டரே காய்ச்சல்னு போட்டுக் குடுத்துட்டார்" என்றாள். அதற்கு 300 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

மேலே நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன செய்தி இங்கேதான் தேவைப்படுகிறது. இந்தப் பொருள் பிறந்த இடத்திலேயே வேலை செய்து அழிந்துவிடுகிறது. ஒரு பெண்ணுக்கு இன்று வலிக்கிறதா என்று ரத்தத்தை எடுத்துப் பார்த்துச் சொல்லும் சோதனை எந்தக் கிளினிக்கிலும் இல்லை. பெண்களுக்கு வலிப்பது ஏன் என்பதை மூலக்கூறு பொதுவாக நிறுவுகிறது. இந்தப் பெண்ணுக்கு, இந்தச் செவ்வாய்க்கிழமை காலை வலித்தது என்பதை அது நிறுவாது. டாக்டர் என்ன செய்கிறார்? அவளையே கேட்கிறார். அவள் சொல்வதைக் கேட்டு எழுதி முத்திரை வைக்கிறார். சான்றிதழ் என்று நாம் வாங்கி அடுக்கி வைப்பது அந்தப் பெண்ணின் சொல்தான், ஓர் ஆணின் கையெழுத்து வழியாகச் சுற்றி வந்த சொல். இந்த விஷயத்தில் அது சுற்றி வரும் வழியில் பொய்யாகவும் மாறியிருந்தது. "எனக்கு மாதவிடாய் வலி" என்று அவள் சொன்ன உண்மையை ஏற்காத அலுவலகம், "அவளுக்குக் காய்ச்சல்" என்று அவர் எழுதிய பொய்யை ஏற்றுக் கோப்பில் வைத்தது.

ஸ்பெயின் 2023இல் கொண்டுவந்த மாதவிடாய் விடுப்புச் சட்டத்தைப் பாராட்டித் தமிழிலும் நிறைய எழுதப்பட்டது. அதைக் கொஞ்சம் கிட்டத்தில் படித்தால் இன்னொன்று தெரியும். அந்த விடுப்பு, எண்டோமெட்ரியோசிஸ் போல முன்பே கண்டறியப்பட்ட நோயினால் வரும் வலிக்கு. நோய் எதுவும் இல்லாமல், நான் மேலே விவரித்த அந்தப் புரோஸ்டாகிளாண்டின் ஏற்றத்தால் மட்டுமே வரும் சாதாரண மாதவிடாய் வலிக்கு அது இல்லை. பெரும்பாலான இளம்பெண்களுக்கு வருவது இந்தச் சாதாரண வலிதான். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்ணுக்காவது உடனே கிடைக்குமா என்றால், அவளுக்கு நோய் கண்டறியப்படவே பல ஆண்டுகள் ஆகின்றன. உள்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து, தானே புரோஸ்டாகிளாண்டினையும் ஈஸ்ட்ரோஜெனையும் உண்டாக்கி, ஒன்று மற்றொன்றைத் தூண்டிக்கொண்டே போகும் நோய் அது. புரோஜெஸ்டிரோனின் அடக்கும் கைக்கு அது சரியாகக் கட்டுப்படுவதுமில்லை. தாமதத்துக்கு ஒரு காரணம் மருத்துவக் கருவிகளின் எல்லை. இன்னொரு காரணம், "எல்லாருக்கும் வர்றதுதானே."

ஆசிரியர் கூட்டத்தில் விதியை மாற்றச் சொல்லிப் பேசினேன். "அப்புறம் எல்லாரும் இதையே சொல்லுவாங்களே மேடம்" என்றார் ஒருவர். "நாமளும் தாண்டி வந்தவங்கதானே" என்றார் எனக்கு மூத்த பேராசிரியை. இருவர் கேள்வியும் மதிக்கத்தக்கதுதான். பொய் சொல்வார்களா? சிலர் சொல்வார்கள். காய்ச்சலுக்கும் தாத்தா சாவுக்கும் சொல்லாத பொய்யா? பொய் சொன்ன ஒருத்தியை நம்பிவிட்டால் ஒரு மறுதேர்வு கூடுதலாக நடக்கும். உண்மை சொன்ன ஒருத்தியை நம்பாமல் விட்டால், தன் உடம்பு சொல்வதைத் தானே சந்தேகிக்க அவள் பழகிவிடுவாள். நாளைக்கு அது சாதாரண வலியைத் தாண்டிப் போகும்போதும் வாயைத் திறக்கமாட்டாள். இரண்டு நஷ்டங்களும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக்கூடியவை இல்லை. மூத்தவரின் சொல்லுக்கு என்னால் கூட்டத்தில் பதில் சொல்ல முடியவில்லை. தாண்டி வந்ததை ஒரு தகுதியாகப் போற்றிப் பழகிவிட்ட தலைமுறை அவருடையது, ஓரளவு என்னுடையதும்தான். வலி என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வலிமை என்று பொருள். குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே உண்டு. ஒரே சொல் வலிமையையும் வேதனையையும் குறிப்பது அழகு என்று நானும் ஒரு காலத்தில் வகுப்பில் சொல்வேன். இப்போது சொல்வதில்லை. பொறுத்துக்கொள்வதே பலம் என்று அந்த அழகை எடுத்துக்கொள்ள ஆளிருக்கிறார்கள்.

அதைவிட, அக இலக்கியத்தில் வேறோர் இடத்தை எடுத்துப் பார்க்கலாம். வெறியாட்டு. ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியில் வெறிப்பத்து என்றே பத்துப் பாட்டுகள் இருக்கின்றன. வெறி பாடியதாலேயே பெயர் பெற்ற காமக்கண்ணியார் என்ற புலவரும் இருக்கிறார். தலைவி மெலிகிறாள், பேச்சில்லை. தாய் கலங்குகிறாள். முருகு அணங்கியதோ என்று வேலனை அழைக்கிறார்கள். அவன் கழங்கு உருட்டிப் பார்த்துக் காரணம் சொல்கிறான். களம் இழைத்து, மறி அறுத்து, ஆட்டம் நடக்கிறது. இத்தனை பேருக்கு நடுவே தலைவியை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவள் உடம்பில் நடப்பதற்கு அவள் சொல் சாட்சியாகாது, கழங்கின் சொல் சாட்சியாகும். அன்பினால் அழைத்துவரப்பட்ட நிபுணன் அவன் என்பதையும் மறக்க வேண்டியதில்லை. அந்தத் தாயும் என் அம்மாவும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்.

தலைவிக்கு வந்தது காதல் நோய், நான் பேசுவது மாதவிடாய் வலி. இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியும். நான் காட்ட விரும்புவது அதற்கு அடுத்து நடப்பதை. தோழி குறுக்கே வந்து உண்மையைச் சொல்கிறாள். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் என்று அந்தச் சொல் பெண்கள் வழியாகவே நகர்ந்து கடைசியில்தான் தந்தைக்கும் தமையன்மாருக்கும் குறிப்பாகப் போகிறது. இந்த ஏற்பாட்டுக்கு இலக்கணம் வைத்த பெயர் அறத்தொடு நிற்றல். அது வெறும் தகவல் தெரிவித்தல் என்றால் வேறு பெயர் வைத்திருப்பார்கள். ஒருத்தியின் உடம்புக்குள் இருக்கும், வெளியே காட்ட முடியாத ஒன்றுக்கு, அவளை நம்பி இன்னொருத்தி வாய் திறப்பதை அறத்தின் பக்கம் நிற்பதாக அந்த மரபு கருதியிருக்கிறது. கற்பைக் காப்பதற்காகத்தான் இத்தனையும் என்ற விமர்சனம் நமக்குத் தெரியும், அதை நானும் எழுதியிருக்கிறேன். அதையும் மீறி அந்தப் பெயர் எனக்குப் பயன்படுகிறது.

மூலக்கூறு தேவையில்லை என்று இதை யாராவது எடுத்துக்கொண்டால் எனக்கு வருத்தம். காக்ஸ் நொதியைத் தடுக்கும் மாத்திரை இல்லையென்றால் என் கல்லூரி விடுதியில் மாதந்தோறும் சில பெண்கள் எழுந்து நடமாட முடியாது. "மெஃப்டால் இருக்காடி?" என்று அறைக்கு அறை கேட்டுப் போகும் குரல் இந்தக் காலத்துத் தோழிக்கூற்று. (வெறும் வயிற்றில் போடாதீர்கள். இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் இதே குடும்பத்துப் பொருள்தான், மாத்திரை அதையும் தடுக்கும். 2023 இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையமும் மெஃபனாமிக் அமிலத்தின் கடுமையான ஒவ்வாமை பற்றி எச்சரித்தது. எல்லோருக்கும் இது கேட்பதுமில்லை. போட்டும் நிற்காத வலியென்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.) புரோஸ்டாகிளாண்டினை ஒரு வில்லியாக்கவும் எனக்கு மனமில்லை. பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காமல் போகும் பெண்ணுக்குப் போடும் ஊசிகளில் ஒன்று இந்த எஃப்2 ஆல்ஃபாவைக் கொஞ்சம் மாற்றிச் செய்த மருந்து. வலிக்கவைக்கும் அந்த இறுக்கமே உயிரையும் பிடித்து நிறுத்துகிறது. நான் மறுப்பது ஒன்றைத்தான். அறிவியல் கண்டுபிடித்ததை, பெண்ணைக் கேட்காமல் இருப்பதற்கான ஏற்பாடாக மாற்றுவதை.

கேரளத்தில் 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாணவிகளுக்கு வருகைப்பதிவில் 2 சதவீதம் சலுகை கொடுத்தது. சில நாட்களில் மாநில அரசு அதை மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் விரித்தது. 75 சதவீதம் தேவைப்படும் இடத்தில் 73 இருந்தால் போதும். 2 சதவீதம் என்பது பெரிய தொகையில்லை. ஆனால் கொச்சிப் பல்கலைக்கழகம் அதற்கு மருத்துவச் சான்றிதழ் கேட்கவில்லை, ஒரு விண்ணப்பம் எழுதினால் போதும் என்றது. அந்த ஆணையின் படியை எங்கள் கூட்டத்தில் வைத்திருக்கிறேன். பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை விண்ணப்பங்களில் "காரணம்" என்ற இடத்தில் மாதவிடாய் வலி என்றே எழுதுங்கள், துறைத்தலைவர் குறிப்பில் நான் அறிவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று என் மாணவிகளிடம் சொல்லியிருக்கிறேன். அலுவலகம் இதுவரை இரண்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறது, மூன்றை ஏற்றிருக்கிறது. எந்த அடிப்படையில் என்று கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.

சென்ற மாதம் வெறிப்பத்து நடத்தியபோது, காய்ச்சல் சான்றிதழ் கொண்டுவந்த அந்தப் பெண் கடைசி வரிசையிலிருந்து கேட்டாள்: "கழங்கு பாத்த வேலனுக்கு ஃபீஸ் யாரும்மா குடுத்தாங்க?" வகுப்பே சிரித்தது. ஆட்டுக்குட்டிதான் கொடுத்தது என்றேன்.